ரிப்பனும் இரண்டாவது தாளும்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்காலைத் தவிர நான் நலம். அது தனிக்குடித்தனம் போய்விட்டது, என் பேச்சைக் கேட்பதில்லை. உன் காது எப்படி? அண்ணியின் கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்றா? போனில் கேட்டிருப்பேன். ஆனால் நான் கத்த, அண்ணி அதையே இன்னும் கொஞ்சம் கத்த, மூன்று பேருக்கும் மூச்சு வாங்குகிறது. நமக்குக் கடிதம்தான் சரி.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் என் வீட்டைத் தேடி வந்தாள். நாற்பதுக்கு மேல் இருக்கும். பழைய கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறாளாம். அந்தக் காலத்தில் நீ கடை வைத்து, டிவியோடு இணைத்துக் கேசட் போட்டு ஓட்டுகிற கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒன்றைச் செய்து விற்றாயே, 'மின்மினி' என்று? கடையை மூடும்போது விநியோகஸ்தர் ஒருவருக்கு நீ விற்ற அந்தப் பெயரை, அவருடைய மகன்களிடமிருந்து இவள் முறைப்படி வாங்கியிருக்கிறாள். அதே உருவத்தில் புதிதாகச் செய்து, பழைய புரோகிராம்கள் பன்னிரண்டை உள்ளேயே வைத்துத் தரப் போகிறாளாம். பதினொன்றுக்கு எழுதியவர்களைக் கண்டுபிடித்து அனுமதி வாங்கிவிட்டாள்.

"பன்னெண்டாவது 'ரிப்பன்' டீச்சர். அது நீங்க எழுதினதா?" என்றாள்.

"எழுதினேன். ஆனா அது ஓடவே இல்லையேம்மா" என்றேன்.

உனக்கு நினைவிருக்கும். என் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் தலையில் ஏறவில்லை என்று உன்னிடம் புலம்பினேன். நீ பெட்டியின் கையேட்டை அனுப்பினாய். பெட்டியைக் கண்ணால் பார்க்காமலே, பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில், ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். திரையில் ஒரு ரிப்பன் வரும், கேட்ட பங்கைப் பிள்ளை வெட்ட வேண்டும். நான் தபாலில் அனுப்ப, நீ பெட்டியில் தட்டச்சு செய்து பார்த்துத் தப்புகளை எழுதி அனுப்ப, ஐந்து சுற்று போனது. கடைசியில் நீ ஒரு கார்டு போட்டாய்: "பாப்பா, பெட்டியின் நினைவகத்துக்குள் அடங்கவில்லை. விட்டுவிடு." அன்றிலிருந்து நம் வீட்டில் என் வாயைப் பற்றி யார் பேசினாலும் 'அது பெட்டியிலேயே அடங்காதது' என்பார்கள்.

இதைச் சொன்னதும் அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஓடலையா? நான் பின்னம் படிச்சதே அதுலதான் டீச்சர்."

அதே பெயரில் வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா? உனக்குத்தான் தெரியும். ஒரு வரி எழுது.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
தங்கை

---

பிப்ரவரி 5

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். என் வலது காது போய்விட்டது, இடது காது விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. உன் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துப் பார். வெந்நீர் அல்ல, உப்பை வறுத்துத் துணியில் கட்டி.

அண்ணிக்குக் கண் ஆபரேஷன் அடுத்த மாதம். டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார், ஆனால் கெட்டிக்காரர் என்கிறார்கள். வெந்நீர்ப் பெட்டி கெட்டுப்போய்ப் பத்து நாளாயிற்று. நானே பிரித்துப் பார்த்தேன். உள்ளே கம்பி கருகியிருந்தது. அதே அளவில் கம்பி தேடி நாலு கடை ஏறி இறங்கினேன். கடைசியில் ஐந்தாவது கடையில் கிடைத்தது. மாட்டினால், பெட்டி சுடுகிறது, தண்ணீர் சுடவில்லை. மறுபடி பிரிக்க வேண்டும்.

அந்தப் பெண் விஷயத்தில் ஜாக்கிரதையாக இரு. பழைய சாமான் வியாபாரிகள் பலவிதம். எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

அன்புடன்
அண்ணா

---

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

வறுத்த உப்பு நன்றாக வேலை செய்கிறது. அதன் உதவியால்தான் அந்தப் பெண்ணின் பட்டறைக்கு மாடிப்படி ஏறிப் போனேன். கோபிக்காதே. கையெழுத்து எதுவும் போடவில்லை.

டயர் கடைக்கு மேலே இரண்டே அறை. படியெல்லாம் ரப்பர் வாடை. உள்ளே முட்டை அட்டைகளில், குழிக்கு ஒன்றாக, கீபோர்டின் பொத்தான்களை எழுத்து வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறாள். பழைய சாமான் வியாபாரி இப்படி அடுக்க மாட்டான்.

'ரிப்பன்' புரோகிராமைக் காகிதத்தில் அச்செடுத்து என் கையில் கொடுத்தாள். முதல் பக்கத்திலேயே எனக்குக் கண் நின்றுவிட்டது. கையேட்டில் குறிப்பு வரி என்று ஒன்று சொல்லியிருந்தது, உனக்கு நினைவிருக்கிறதா? அந்த வரியைக் கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போகும். எழுதுபவர் தன் நினைவுக்கு வைத்துக்கொள்வது. நான் அதை உன்னோடு பேசுவதற்கான இடம் என்று எடுத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். நீயோ, ஒரு எழுத்து விட்டாலும் பெட்டி கோபித்துக்கொள்ளும் என்று பயந்து அத்தனையையும் தட்டியிருக்கிறாய். ஆங்கில எழுத்தில் தமிழ். வரி 340: "அண்ணா, இங்கே நிதானமாகத் தட்டு." வரி 345: "கால் சுளுக்கு தேவலையா?" வரி 610: "சரியாக வெட்டினால் மணி அடிக்கட்டும். சத்தம் குறைவாக இருக்கட்டும், ஏழாம் வகுப்பு பி பிரிவு ஏற்கெனவே சந்தைக்கடை."

"கேசட் அட்டையில உங்க அண்ணன் பேர்தான் இருக்கு. ஆனா அவரே எழுதியிருந்தா, 'அண்ணா, கால் சுளுக்கு தேவலையா'ன்னு தன்னைத்தானே கேட்டுக்குவாரா டீச்சர்?" என்றாள். அந்த ஏழாம் வகுப்பு பி பிரிவைப் பிடித்துக்கொண்டு, உன் ஊர்க்காரர்களை விசாரித்துத்தான் என்னை வந்து சேர்ந்திருக்கிறாள். அதற்கு முன் உனக்கு மூன்று கடிதம் போட்டாளாம்.

பெயரை வாங்கியவளுக்குப் புரோகிராம் சொந்தமாகாதா என்று கேட்டேன். ஆகாதாம். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஒருவர் பள்ளிக்கூடத்தை விலைக்கு வாங்குகிறார். பெயர்ப்பலகை அவருடையது, பெஞ்சு அவருடையது. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் கட்டுரை அவருடையதா? எழுதிய பிள்ளையுடையது. அந்தப் பிள்ளை எழுதிக் கொடுத்தால் ஒழிய.

"ஓட்டிக் காட்டட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அது ஓடுகிறது என்பதை முதலில் நீ சொல்ல வேண்டும் அண்ணா. பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணியின் கண் நல்லபடியாக ஆகட்டும்.

தங்கை

---

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அண்ணி வீடு திரும்பியாயிற்றா?

ஒரு தகவல் மட்டும். விநியோகஸ்தரின் மகன்கள் 'ரிப்பன்' தங்களுடையது என்கிறார்கள். நீ கடையை விற்றபோது இரண்டாவதாக ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாயாம். வேறு பெரிய கம்பெனி கேட்டால் கொடுக்கலாம் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். இவளுக்குத் தர மாட்டார்களாம். ஆகஸ்ட் முடிவுக்குள் காகிதம் சரியாகாவிட்டால் பதினொன்றோடு பெட்டி வெளியே போகும். 'ரிப்பன்' அவர்கள் அலமாரியில்தான் கிடக்கும்.

அந்தத் தாளைப் பற்றி உன் வாயால் கேட்க விரும்புகிறேன்.

தங்கை

---

ஏப்ரல் 21

அன்புள்ள பாப்பாவுக்கு அண்ணி எழுதுவது,

கண் நன்றாக இருக்கிறது. இத்தனை வருடம் இந்த வீட்டில் இவ்வளவு தூசி இருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. உன் முழங்காலைக் கவனித்துக்கொள்.

உன் அண்ணன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. உன் கடிதங்களைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறார். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து இரண்டு தடவை எடுத்துக் கொடுத்தேன். "என்ன எழுதியிருக்கா?" என்றால், "முழங்கால் வலியாம்" என்கிறார். "ஒரு முழங்காலுக்கு நாலு பக்கமா?" என்றேன். எழுந்து போய்விட்டார்.

நேற்று டிவி மேல் இருந்த கேடயத்தை எடுத்து, அலமாரிக்குள் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பழைய கம்ப்யூட்டர் ரசிகர் சங்கம் கொடுத்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாரே, அதுதான்.

உங்களுக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. ஆனால் நீ எழுதுவதை நிறுத்திவிடாதே. தபால்காரர் வரும் நேரத்தில் வாசலில்தான் நிற்கிறார். கடிதம் வராத நாளில்தான் முகம் தொங்குகிறது.

உன் அண்ணி

---

மே 18

பாப்பாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். என் உடம்புக்குக் குறைவில்லை. மனதுக்குத்தான்.

'ரிப்பன்' ஓடியது.

ஐந்தாவது சுற்றில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஓடியது. கடையில் நானும் விநியோகஸ்தரும் மட்டும். மூன்றில் ஒரு பங்கைச் சரியாக வெட்டியதும் மணி அடித்தது. அவர் என் முதுகில் தட்டி, "யோவ், நீ சாதாரண ஆள் இல்லைய்யா. கணக்குல புலி" என்றார்.

நான் கணக்கில் மூன்று தடவை தோற்றவன். என்னைவிட நாலு வயது சின்னவளான நீ என் வீட்டுப்பாடத்தைப் போட்டுக் கொடுக்க, அதை என் கையெழுத்தில் பார்த்து எழுதிக்கொண்டு போனவன். "என் தங்கச்சி எழுதினது" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். நடந்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தைக் காப்பாற்றச் செய்தது.

ஓடுகிறது என்று தெரிந்தால் நீ பார்க்க வருவாய். அதனால் கார்டு போட்டேன். பெட்டியில் அடங்காதது என்ற கேலியையும் நான்தான் ஆரம்பித்து வைத்தேன், எல்லாரும் சிரித்தால் நீ மறுபடி கேட்க மாட்டாய் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, முப்பத்தேழு வருடமாக அந்தச் சோற்றையே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

கேடயத்தைப் பற்றி அண்ணி எழுதியிருப்பாள். அதுவும் 'ரிப்பன்' எழுதியதற்காகத்தான். மேடையில் ஒருவர், "இந்த யோசனை எப்படி சார் வந்துச்சு?" என்று கேட்டார். தையல் கடையில் ரிப்பன் வெட்டுவதைப் பார்த்து வந்தது என்றேன். கை தட்டினார்கள். அந்தப் பெண்ணின் மூன்று கடிதங்களும் வந்தன. பிரிக்காமலே வைத்திருக்கிறேன்.

நீ கேட்ட தாள். முதல் தாளில் மின்மினி என்ற பெயரும் இருப்பும் கருவிகளும். மற்ற பதினொன்றையும் எழுதியவர்கள் என் கடையில் விற்க அனுமதிதான் கொடுத்திருந்தார்கள், விற்கவில்லை. அதனால் அவை தாளில் வரவில்லை. 'ரிப்ப'னுக்காகவே இரண்டாவது தாள். நகல் வைத்திருக்கிறேன், இதோடு அனுப்பியிருக்கிறேன். ஒரே வரிதான்: "நான் எழுதிய புரோகிராம்கள் அனைத்தையும் அவற்றின் உரிமைகளோடு விற்கிறேன்." கீழே என் கையெழுத்து. உன்னுடையதை விற்றுவிட்டேன் பாப்பா. இனி அதற்கு வழி இல்லை.

அண்ணா

---

ஜூன் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் சுகம் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. நாலு பதில் எழுதிக் கிழித்தேன். அவற்றில் இருந்த வார்த்தைகளுக்கு மதிப்பெண் போட்டிருந்தால் நானே என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன்.

எனக்கு வலித்தது எது என்று உனக்குத் தெரிய வேண்டும். அட்டையில் பெயர் இல்லாதது இல்லை. அந்தக் கார்டைப் படித்த பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அது வராது என்று முடிவு கட்டிவிட்டேன். இருபத்தெட்டு வயதில். பிள்ளை சரியாகப் போட்ட கணக்கைத் தப்பு என்று திருத்திக் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு டீச்சருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பிள்ளை அந்தக் கணக்கை மட்டும் விடாது. கணக்கையே விட்டுவிடும்.

இதை எழுதியாயிற்று. இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

இப்போது நீ அனுப்பிய நகலைப் பார். நான் பதினைந்து தடவை படித்தேன். "நான் எழுதிய புரோகிராம்கள் அனைத்தையும்" என்று இருக்கிறது. அண்ணா, நீ எழுதிய புரோகிராம்கள் எத்தனை?

ஒரு கூடை நிறைய என் வீட்டு மாம்பழம். நீ சந்தையில் நின்று, "என் மரத்தில் காய்த்ததை எல்லாம் உனக்கு விற்றேன்" என்று ஒருவருக்கு எழுதிக் கொடுக்கிறாய். உனக்கு மரமே இல்லை. அவர் கையில் இருப்பது என்ன? ஏழாம் வகுப்பில் இதற்கு வெற்றுக்கணம் என்று பெயர் வைத்திருக்கிறோம். உள்ளே ஒன்றும் இல்லாத கூடை. நீ விற்றது பூஜ்யம்.

வக்கீலிடமும் கேட்டாயிற்று. தாள் சொல்வது அவ்வளவுதான், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். 'ரிப்ப'னை நீ எழுதவில்லை என்று நீயே நோட்டரி முன்னால் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். எழுதினால் அது என்னுடையது, அவர்கள் கூடை காலி. எழுதாவிட்டால் அட்டையில் இருக்கும் உன் பெயரே அவர்களுக்குச் சாட்சி.

அந்தக் காகிதத்தை ரசிகர் சங்கத்துக்காரர்களும் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் நான் உன்னை வற்புறுத்தப் போவதில்லை. கணக்கைப் பலகையில் எழுதிவிட்டேன். போடுவது உன் கையில்.

தங்கை

---

ஜூலை 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று அண்ணி எழுதச் சொல்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுநாள், "பாப்பா எழுதினது ஓடுதுன்னு அப்பவே சொல்லியிருந்தா, அவளை நாம இன்னும் பெரிய ஆளாப் பார்த்திருப்போமே" என்றாள். அதோடு சரி. அவள் திட்டியிருந்தால் தேவலை.

உன் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாக உன் கணக்கில் நான் தப்புக் கண்டுபிடிக்கிறேன். விடை பூஜ்யம் இல்லை, ஒன்று. பெட்டி செய்த முதல் வாரத்தில் நானே ஒரு புரோகிராம் எழுதினேன். இரண்டு வரி. திரை முழுக்க என் பெயர் ஓடிக்கொண்டே இருக்கும், நிற்காது. நிறுத்தத் தெரியாமல் மின்சாரத்தைப் பிடுங்கினேன். உறுதிமொழியில் பொய் சொல்லக் கூடாது அல்லவா? அதையும் எழுத வேண்டுமா என்று உன் வக்கீலிடம் கேட்டுச் சொல்.

அண்ணா

---

ஜூலை 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணிக்கு என் அன்பு. மூன்று வேளையும் சாப்பிடு.

தப்பை ஒப்புக்கொள்கிறேன். விடை ஒன்றுதான். வக்கீல் அரை மணி நேரம் சிரித்துவிட்டு, "அதையும் எழுதச் சொல்லுங்க டீச்சர். தாளுக்கு ஒரு அர்த்தம் வந்துடும், அவங்களும் வெறுங்கையோட போக வேண்டாம்" என்றார். ஆகவே திரை முழுக்க உன் பெயர் ஓடும் புரோகிராம் சட்டப்படி விநியோகஸ்தரின் மகன்களுக்குச் சொந்தம். நன்றாக வைத்திருக்கட்டும்.

உறுதிமொழியில் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி அனுப்பியிருக்கிறேன். அப்படியே பார்த்து எழுதாதே. உன் வார்த்தையில் எழுது.

தங்கை

---

ஆகஸ்ட் 10

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே மழை. நாங்கள் சுகம். உன் முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது, அந்தப் பெண்ணைக் கீழே இறங்கி வரச் சொல்.

நேற்று நோட்டரியிடம் போனேன். தபால் நிலையத்துக்குப் பின்னால் ஒரே ஒரு மேசை போட்ட அறை. வழக்கம்போலப் படிக்காமல் முத்திரையைத் தூக்கினார். பாதியில் கை நின்றது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"ஐயா, சொத்து என்னோடதுன்னு எழுதிட்டு வர்றவங்களைத்தான் நான் பார்த்திருக்கேன். என்னோடது இல்லைன்னு எழுதி எடுத்துட்டு வர்ற முதல் ஆள் நீங்கதான்" என்றார்.

"காது கேக்கலை, கொஞ்சம் சத்தமா" என்றேன். கேட்டது. இன்னொரு தடவை கேட்கலாம் என்று தோன்றியது.

காகிதம் இதோடு இருக்கிறது. தபாலில் போகிற காகிதம், தொலைந்தாலும் நான் எழுதியது உனக்குத் தெரியட்டும் என்று இங்கேயும் எழுதுகிறேன்: "'ரிப்பன்' என்ற புரோகிராமை எழுதியவர் என் தங்கை. அப்போது அவர் பள்ளி ஆசிரியை. நான் அதைத் தட்டச்சு செய்தேன். தட்டச்சு செய்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. நான் எழுதிய புரோகிராம் ஒன்றே ஒன்று. அதில் என் பெயர் மட்டும் இருக்கிறது."

நீ அந்தக் காலத்தில் அனுப்பிய பரீட்சைத் தாள்கள் நாற்பத்தொன்றும் என்னிடம் பத்திரமாக இருந்தன. எறிந்துவிட எத்தனையோ தடவை எடுத்தேன், முடியவில்லை. பதிவுத் தபாலில் தனியாக வருகின்றன.

சங்கத்துக்குக் கேடயத்தைத் திருப்பி அனுப்பி, விஷயத்தை எழுதினேன். பத்து நாளாகப் பதில் இல்லை. நேற்று வந்தது. ஒரே வரி: "உங்கள் தங்கையின் பெயரை எப்படி எழுத வேண்டும்?" எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

இனி நீ ஓட்டிப் பார்.

அண்ணா

---

செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். இன்று முழங்காலும் நலம். உனக்கும் அண்ணிக்கும் அப்படியே இருக்கட்டும்.

உன் காகிதமும் தாள்களும் ஆகஸ்ட் இருபதுக்கு முன்பே வந்துவிட்டன. மகன்களின் வக்கீல் ஒரு வாரம் முறைத்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். பட்டறைப் பெண்ணுக்கு அனுமதி எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்கூடங்கள் யாரையும் கேட்காமல் நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். "சேர்க்கலாமா?" என்று கேட்டதற்கு, "சொந்தக்காரங்க நீங்க டீச்சர், நீங்க சொன்னா சொன்னதுதான்" என்றாள். அந்த வார்த்தையைப் பழக எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

நேற்று ஓட்டிப் பார்த்தேன். பட்டறைப் பெண் ஒரு பெட்டியை என் வீட்டு டிவியில் இணைத்துவிட்டு, போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள். முதலில் கறுப்புத் திரை. பிறகு இடது ஓரத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு மெதுவாக நகர்ந்து வந்து மறு ஓரத்தைத் தொட்டது. அண்ணா, அது சிவப்பு என்று எனக்குத் தெரியாது. நான் நிறம் ஏதும் எழுதியதாக நினைவில்லை. நீதான் சிவப்பு வைத்திருக்கிறாய். உறுதிமொழியில் அதைச் சொல்ல மறந்துவிட்டாய்.

ஒரு மணி நேரம் வெட்டிக்கொண்டே இருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டதில் இரண்டு தடவை தப்பாக வெட்டினேன். அப்புறம் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஐந்தில் மூன்று பங்கைக் கேட்கும்போது, எட்டில் ஐந்தை வெட்டினாலும் சரி என்று மணி அடிக்கிறது. தாள்களை எடுத்துப் பார்த்தேன். நீ தட்டியதில் பிழை இல்லை, நான் எழுதியதில்தான். திரைக்குக் குறுக்கே முப்பத்திரண்டு கட்டங்கள்தான் என்பதை மறந்து, ஒரு கட்டம் முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடு என்று எழுதியிருக்கிறேன். எத்தனை பிள்ளைகளுக்கு இலவச மதிப்பெண் போட்டிருக்கிறேனோ.

"திருத்திடலாமா டீச்சர்?" என்றாள் பட்டறைப் பெண். "எழுதினவங்க சொன்னாத்தான் நான் கை வைக்க முடியும்."

ராத்திரி வரை யோசித்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது என்னுடையது என்றால் அந்தத் தப்பும் என்னுடையதுதான். அதைத் திருத்துவதைவிட அடுத்ததை ஒழுங்காக எழுதலாம்.

ஆமாம், அடுத்தது. பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் எண்கள் பிள்ளைகளுக்கு எப்போதும் குழப்பம். கழித்தல் மூன்று, கழித்தல் ஐந்து, இரண்டில் எது பெரியது என்று கேட்டால் பாதி வகுப்பு கழித்தல் ஐந்து என்னும். ஒரு கட்டடம், அதில் ஒரு லிஃப்ட். தரைத்தளம் பூஜ்யம், கீழே மூன்று தளம், மேலே ஒன்பது. இன்று காலை பதினாறு வரி எழுதிவிட்டேன். பதினேழாவதில் நின்றுவிட்டேன், லிஃப்ட் எந்த நேரத்தில் எந்தத் தளத்துக்கு முதலில் போக வேண்டும் என்று முடிவு செய்வது எனக்குத் தெரியவில்லை. கடையை மூடிய பிறகு இருபத்திரண்டு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவன் நீ.

கண் சரியாகிவிட்டது, பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதாக அண்ணி எழுதியிருந்தாள். இரண்டு பேரும் புறப்பட்டு வாருங்கள். மாடி அறையைச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டேன். பெட்டி என் மேசையில்தான் இருக்கிறது. இந்த முறை நானே தட்டுகிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து லிஃப்டைச் சொல். அட்டையில் இரண்டு பெயர் வரும் என்று பட்டறைப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். எது முதலில் என்று நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

உன் வரவை எதிர்பார்த்து
பாப்பா